இருபத்தெட்டு, இருநூற்றிருபது

மூடியைக் கழற்றி இழுத்தபோது பேரிங்கில் இருந்த கிரீஸ் அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. தண்டை இரு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏதோ ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் ஒரு கை தடவிவிட்ட கிரீஸ் அது. அன்றைக்கு வெண்ணெய் மாதிரி இருந்திருக்கும்.

கையில் இருந்தது, 28 வோல்ட் மின்சாரத்தை 220 வோல்ட் ஆக்கும் டிஎம்-28 என்ற டைனமோட்டர். பார்த்தால் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் மூடி, நடுவில் கறுத்த இரும்பு உடம்பு, உள்ளங்கையை அழுத்தும் கனம். இதன் இருப்பிடம் பிசி-348 என்ற ரிசீவரின் வயிறு. அமெரிக்க ராணுவத்தின் பி-17, பி-24, பி-29 குண்டுவீச்சு விமானங்களில் ரேடியோ இயக்குபவரின் மேசைமேல் இருந்தது அந்த ரிசீவர். எட்டு வால்வு. 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு வீச்சு, 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை மற்றது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் தளத்தின் குரலைக் கேட்க இது; பதில் சொல்ல பிசி-375 போன்ற டிரான்ஸ்மிட்டர்.

ரிசீவரை நான் வாங்கியது ஒஹையோ மாநிலத்தில். ஹாம் ரேடியோக்காரர்கள் 1952 முதல் டேட்டன் நகரத்தை ஒட்டி ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கூட்டத்தோடு ஒரு பெரிய திறந்தவெளிச் சந்தையும் உண்டு. நம் ஊர் மாட்டுச் சந்தையில் மாடுகளுக்குப் பதில் ரேடியோக்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் இங்கேயும் உண்டு. நானும் பார்த்தேன். ரிசீவரின் முகம் நன்றாக இருந்தது. பின்பக்கம் திருப்பியபோதுதான் தெரிந்தது, டைனமோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரும் ரெக்டிபையர் வால்வும் உட்கார்ந்திருந்தன.

இது யாரோ ஒருவர் செய்த குறும்பு இல்லை. போர் முடிந்ததும் இந்த ரிசீவர்கள் உபரிச் சரக்காக அடிமாட்டு விலைக்கு வந்தன. காசில்லாத இளம் ஹாம்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டில் 28 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு எங்கே போவது? எனவே எல்லோரும் முதலில் செய்தது டைனமோட்டரைக் கழற்றியதுதான். அந்த இடத்தில் வீட்டு மின்சாரத்துக்கான சப்ளையைக் கட்டி, வால்வுகளைச் சூடேற்றும் இழைகளை இணைத்த விதத்தையும் மாற்றினார்கள். எப்படிச் செய்வது என்று அந்தக் காலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ரேடியோக்கள் பிழைத்தன, டைனமோட்டர்கள் பழைய இரும்புக்குப் போயின. எனக்கு ஒன்று கிடைக்க மேலும் இரண்டு ஆண்டு ஆயிற்று. அதே சந்தையில், ஓர் அட்டைப்பெட்டியின் அடியில், பழைய பூட்டுகளோடு கிடந்தது.

இன்றைக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு மின்னணுச் சுற்று வாங்கி, 28 வோல்ட்டை 220 வோல்ட் ஆக்கிக்கொள்ளலாம். சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய ராணுவ ரேடியோவில் மற்ற பகுதிகளைப் பார்த்தால் அதைச் செய்தவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தெரியும். மின்சப்ளையைப் பார்த்தால்தான் அவர்களுக்கு எது கிடைக்கவில்லை என்று தெரியும்.

முதலில், 220 வோல்ட் எதற்கு என்று பார்ப்போம். வால்வுக்குள் சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே வருகின்றன. எதிரே தகடு. இடையே வெற்றிடம். வெளியே வந்த எலெக்ட்ரான்கள் கேதோடைச் சுற்றி மேகமாக மொய்த்துக்கொண்டு, பின்னால் வருகிறவற்றை வராதே என்று தள்ளும். கல்யாண வீட்டு வாசலில் கூட்டம் அடைத்துக்கொள்கிற மாதிரி. அந்த அடைப்பைத் தாண்டி இழுக்க வேண்டுமானால் தகட்டில் பலமான நேர்மின்னழுத்தம் வேண்டும். விமானத்தில் இருப்பதோ 24 வோல்ட் பேட்டரி. ஜெனரேட்டர் ஓடும்போது 28 வோல்ட். இழைகளைத் தொடரில் கோத்து அந்த 28ஐ வைத்தே சூடேற்றிவிடலாம். தகட்டுக்கு அது போதாது.

மாறுமின்சாரமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரு டிரான்ஸ்பார்மர் போதும். ஆனால் 1831ல் பாரடே கண்டது என்ன? காந்தப்புலம் மாறும்போதுதான் பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். பேட்டரி தருவது மாறாத மின்சாரம். மாறாத புலத்தின் முன் டிரான்ஸ்பார்மர் வெறும் இரும்பு.

அப்படியானால் புலத்தை எப்படி மாற்றுவது? அன்றைக்கு இரண்டு வழி இருந்தன. ஒன்று வைப்ரேட்டர்: பழைய மின்சார அழைப்பு மணி போல ஒரு எஃகு நாக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, மின்சாரத்தை இப்படியும் அப்படியும் வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். 1930களின் கார் ரேடியோக்கள் இதில்தான் ஓடின. ராணுவத்தின் ஜீப் ரேடியோக்கள் பலவும். இன்னொரு வழி டைனமோட்டர். புலத்தை நிறுத்திவைத்து, கம்பியைச் சுற்றிவிடுவது.

மிக்ஸியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஆர்மேச்சர் தெரிந்திருக்கும்: தண்டில் கோத்த இரும்பு, அதன் பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுற்று, ஒரு முனையில் செப்புப் பட்டைகள் அடுக்கிய கம்யூட்டேட்டர், அதை உரசி நிற்கும் இரண்டு கார்பன்கள். டைனமோட்டரின் ஆர்மேச்சருக்கு இரண்டு முனையிலும் கம்யூட்டேட்டர். ஒரே இரும்பின் ஒரே பள்ளத்தில் இரண்டு சுற்றுகள். ஒன்று தடித்த கம்பி, குறைந்த சுற்று. 28 வோல்ட் அதில் நுழைந்து மோட்டாராகச் சுழற்றும். மற்றது முடி போன்ற மெல்லிய கம்பி, பல மடங்கு சுற்று. அதே காந்தப்புலத்தில், அதே வேகத்தில் தானும் சுற்றுவதால் அதில் 220 வோல்ட் பிறக்கும். இரண்டு அழுத்தங்களின் விகிதம் ஏறக்குறைய இரண்டு சுற்றுகளின் விகிதம்தான். வேகம் கூடினாலும் குறைந்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. சுழலும் டிரான்ஸ்பார்மர் என்று சொன்னால் தப்பில்லை.

இதில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. சாதாரண மோட்டாரில் ஆர்மேச்சரின் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, நிலைப்புலத்தைக் கோணலாக்கும். கார்பனில் பொறி பறக்க அதுவும் ஒரு காரணம். ஜெனரேட்டரிலும் அப்படியே, ஆனால் எதிர்ப்பக்கம். டைனமோட்டரில் இரண்டும் ஒரே இரும்பில் இருப்பதால் ஒன்றின் கோணலை மற்றது பெரும்பாலும் நிமிர்த்திவிடும். உள்ளங்கை அளவு இயந்திரம் அதிகப் பொறி பறக்காமல் ஓடுகிற ரகசியம் அதுதான்.

சிக்கனம் என்று பார்த்தால் சுமார்தான். உள்ளே போவது 28 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் சொச்சம், அதாவது 34 வாட். வெளியே வருவது 220 வோல்ட்டில் 70 மில்லியாம்பியர், 15 வாட். பாதிக்கு மேல் சூடாகவும் உரசலாகவும் காற்றாகவும் போய்விடுகிறது. எஞ்சினில் ஜெனரேட்டர் ஓடும் விமானத்தில் இந்த நஷ்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

பொறியாளர்களை உண்மையிலேயே உலுக்கியது வேறொன்று. ஐரோப்பாவின் மேல் பி-17கள் சுமார் 25,000 அடி உயரத்தில் பறந்தன. அழுத்தம் சமன்செய்யாத உடம்பு. ஆட்களுக்கு ஆக்சிஜன் முகமூடி, மைனஸ் 40 டிகிரிக் குளிர். அந்த உயரத்தில் ஜெனரேட்டர், டைனமோட்டர்களின் கார்பன்கள் திடீரெனப் பொடிந்து கொட்டின. தரையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டிய கார்பன் சில மணி நேரத்தில் கரும்பொடியாகிவிடும். குளிரா? காற்று மெலிந்ததா? பொறியா? தேடித்தேடி வந்து நின்ற காரணம் யாரும் எதிர்பாராதது: தண்ணீர்.

இந்தக் கார்பன்களில் இருக்கும் கிராபைட் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பென்சில் முனையைத் தொட்டாலே தெரிகிறது. அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் அடுக்கின் மேல் அடுக்கு வழுக்குகிறது, அது அதன் பிறவிக்குணம் என்றே நம்பியிருந்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் சாவேஜ் கார்பனை வெற்றிடத்தில் உரசவிட்டுப் பார்த்தார். வழுக்கவில்லை, தேய்ந்து தூளாகிக் கொட்டியது. மிகச் சிறிதளவு நீராவியை உள்ளே விட்டார், தேய்மானம் நின்றது. அவர் கட்டுரை 1948ல் வெளியானது. அடுக்குகளின் விளிம்பில் அறுந்து நிற்கும் பிணைப்புகளை நீர் மூலக்கூறுகள் ஒட்டி மூடிவிடுகின்றன. அவை மூடாவிட்டால் கிராபைட்டும் செம்பும் ஒன்றையொன்று பிறாண்டும். 25,000 அடி உயரக் காற்றில் ஈரம் மிக மிகக் குறைவு. அதனால் சில உலோக உப்புகளைக் கார்பனில் ஊறவைத்து, உயரத்துக்கென்றே தனிக் கார்பன்கள் செய்தார்கள். நம் வீட்டு மிக்ஸி கார்பன் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறதென்றால் அதற்கு நம் ஊர்ப் புழுக்கமும் ஒரு காரணம் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

சரி, மேசைக்கு வருவோம்.

கார்பன்களை எடுக்கும் முன் ஒவ்வொன்றும் எந்தக் கூட்டில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொண்டேன். ஓடி ஓடி ஒவ்வொரு கார்பனின் முகமும் தன் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் விளிம்பு மட்டும் தொடும்; தொடும் இடத்தில் பொறி. 28 வோல்ட் பக்கக் கார்பன்கள் பெரியவை, 220 பக்கத்தவை பட்டாணி அளவு. நாலிலும் போதுமான நீளம் பாக்கி இருந்தது.

பேரிங்கை மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எண்ணெய் தேநீர் நிறமாகியிருந்தது. தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மூன்றாம் நாள் விரலில் சுண்டிவிட்டதும் சிணுங்காமல் சுற்றியது. புதுக் கிரீஸ் வைக்கும்போது கை நிறைய அப்பத் தோன்றும். கூடாது. அதிகமானால் அது கம்யூட்டேட்டருக்கு வழிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து மையாகிவிடும்.

கம்யூட்டேட்டரை எமரித் தாளால் பளபளவென்று தேய்ப்பதுதான் பழைய பொருளை விரும்புகிறவர்கள் செய்யும் முதல் கொலை. எமரித் தூளில் இரும்பு ஆக்சைடு உண்டு. பட்டைகளின் இடுக்கில் சிக்கினால் பக்கத்துப் பட்டைகளை இணைத்துவிடும். இன்னொன்று, செம்பின்மேல் இருக்கும் அந்த மங்கலான காபி நிறம் அழுக்கு அல்ல. செப்பு ஆக்சைடும் கிராபைட்டும் சேர்ந்த மெல்லிய படலம். கார்பன் அதன்மேல்தான் சொகுசாக ஓடும். ஆல்கஹால் தொட்ட துணியால் கிரீஸை மட்டும் துடைத்தேன். பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் தங்கிய கரியை மூங்கில் பல்குச்சியைச் சீவி ஒவ்வொன்றாக எடுத்தேன். 220 வோல்ட் பக்கத்தில் பட்டைகள் நெருக்கமாக இருப்பதால் அதற்கே ஒரு மாலை போயிற்று. பிறகு அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மின்தடையை அளந்துகொண்டே ஒரு சுற்று வந்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண். எங்காவது எண் எகிறினால் அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். அத்தோடு கதை முடிந்திருக்கும்.

கடைசியாக மெகர். சுற்றுக்கும் தண்டுக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்துக் காப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்கும் கருவி. முதலில் காட்டியது அரை மெகோம், மோசம். பருத்தி, வார்னிஷ் எல்லாம் பல ஆண்டு ஈரத்தைக் குடித்திருந்தன. நூறு வாட் பல்பு ஒன்றைப் போட்டு, மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைத்தேன். எடுத்தபோது 40 மெகோம்.

ரிசீவரின் பக்கம் வேலை வேறு ரகம். முந்தைய உரிமையாளர் கட்டிய சப்ளையை அப்படியே பிரித்தெடுத்தேன். பிளக்கில் எர்த் கம்பியே இல்லை. போதாததற்கு, இரைச்சலைக் குறைக்க மின்வயருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கண்டென்சர். அது கசிய ஆரம்பித்த நாளிலிருந்து பெட்டியைத் தொடுகிறவர் உயிர் அதிர்ஷ்டத்தின் கையில். நம் ஊரில் இன்னும் கண்டென்சர் என்றுதான் சொல்கிறோம். அந்த நாளைய ராணுவக் கையேடுகளிலும் அதே சொல் உண்டு. கெப்பாசிட்டர் என்று திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

முந்தைய உரிமையாளர் போட்டிருந்த எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களை நான் ஏன் சோதிக்காமலே குப்பையில் போட்டேன் என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இந்த வகைக் கண்டென்சரில் காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின்மேல் வளர்த்த ஆக்சைடுப் படலம். ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். 450 வோல்ட் தாங்கும் கண்டென்சரில்கூட முடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். மின்னழுத்தம் இருக்கும்வரை படலம் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அரித்துப்போகும். அதன் தலையில் திடீரென முழு அழுத்தத்தையும் போட்டால் உள்ளே மின்சாரம் பாய்ந்து, திரவம் கொதித்து, வாயு முட்டும். ஒரு மின்தடையை நடுவில் வைத்து மணிக்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றினால் படலம் மறுபடி வளரும். இது எனக்குத் தெரியாத வயதில் ஒரு வால்வு ரேடியோவைச் சொருகிவிட்டு முன்னால் குனிந்தேன். வெடித்த சத்தத்தைவிட, தீபாவளிக் குப்பை மாதிரி அறை முழுக்கப் பறந்த காகிதச் சுருளும் மீன் அழுகிய நாற்றமும்தான் நினைவில் இருக்கின்றன. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். அது கிட்டப்பார்வை செய்த உபகாரம்.

ராணுவம் போட்ட கண்டென்சர்கள் காகிதமும் எண்ணெயும் அடைத்த தகரப் பெட்டிகள். மல்டிமீட்டரில் எல்லாமே நல்லவை என்று காட்டின. மல்டிமீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். காகிதத்தில் ஈரமும் அமிலமும் ஏறியிருந்தால் அது வேலை செய்யும் அழுத்தத்தில்தான் முகம் காட்டும். 220 வோல்ட்டில் சோதித்தபோது அவற்றில் ஒன்றில் இரண்டு மில்லியாம்பியர் கசிந்தது. அதன் அடியைச் சூடாக்கித் திறந்து, குடலை எடுத்துவிட்டு, இக்காலத்துப் பிளாஸ்டிக் கண்டென்சரை உள்ளே வைத்து மூடினேன். வெளியே பார்த்தால் 1940களின் எழுத்து அப்படியே இருக்கும். இது ஏமாற்றா, மரியாதையா என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் ஓட்டம். மேசையில் இருந்த மூன்று ஆம்பியர் சப்ளையைக் கொடுத்தால் டைனமோட்டர் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றது. மறுபடி ஒரு துள்ளு, மறுபடி நிறுத்தம். டைனமோட்டரில் பழுது இல்லை. சுழலும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நிற்கும் மோட்டாரில் அது கிடையாது. முதல் நொடியில் ஓட்ட மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். சப்ளை பயந்து மூடிக்கொண்டது. கேரேஜிலிருந்து இரண்டு கார் பேட்டரிகளைக் கொண்டுவந்து தொடரில் இணைத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்தேன். ஒரு முனகல், பிறகு ஏறிக்கொண்டே போகும் ரீங்காரம், பிறகு நிலையான ஒரு சுருதி. சுமை இல்லாததால் மீட்டர் 220ஐத் தாண்டி நின்றது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு உடம்பைத் தொட்டுப் பார்த்தேன்; காபி டம்ளர் சூடு. முனைகளைத் தொடும் வேலை வந்தபோதெல்லாம் இடது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். இந்தச் சின்ன இயந்திரம் தரும் 70 மில்லியாம்பியர் ஆளை முடிக்கப் போதும்.

ரிசீவருக்குள் பூட்டி, இழைகளைப் பழையபடி தொடருக்கு மாற்றி, ஹெட்போனைக் காதில் வைத்தால், ஆலை விசில் போல ஒரே இரைச்சல். கார்பனின் ஒவ்வொரு சின்னப் பொறியும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான். மார்க்கோனி தொடக்கத்தில் செய்தி அனுப்பியதே பொறியால்தானே. அந்தப் பொறியின் அலை ரிசீவருக்குள் புகாமல் தடுக்கவே டைனமோட்டரின் இரு பக்கமும் சுருள்களும் கண்டென்சர்களும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்று மாலை தேடினேன். கடைசியில் பார்த்தால், பழைய உரிமையாளர் அழகுக்காக உள்பெட்டிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார். டைனமோட்டரின் உடம்பு அந்தப் பெயின்டின்மேல் உட்கார்ந்து, பெட்டியோடு உலோகத் தொடர்பே இல்லாமல் இருந்தது. திருகு உட்காரும் நாலு இடத்தில் பெயின்டைச் சுரண்டினேன். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

அன்றிரவு 7 மெகாஹெர்ட்ஸில் யாரோ மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார். பி-17ல் எஞ்சின் நாலின் கர்ஜனையில் இந்த ரீங்காரம் யார் காதிலும் விழுந்திருக்காது. என் கேரேஜில் மோர்ஸுக்கு அதுதான் தம்புரா. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். டைனமோட்டர் உடனே நிற்கவில்லை. சுருதி இறங்க இறங்க, 220 வோல்ட்டும் இறங்க, இன்னும் சூடாறாத வால்வுகளின் வழியே அவர் தட்டியது மேலும் ஓரிரு வினாடி கேட்டது. நடு எழுத்தில் மங்கியது.